நிரந்தர முகவரி

இரண்டாமாண்டு மாணவி, கணிப்பொறிப் பொறியியல் துறை



நாம் முதலாமாண்டு சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று 'தற்போதைய முகவரி', மற்றொன்று 'நிரந்தர முகவரி'. முதல் கட்டத்தை மளமளவென்று எழுதிவிட்டேன். இரண்டாவது கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற அப்பாவிடம், "நம்ம நிரந்தர முகவரி என்னங்கப்பா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மிச்சி ஊட்டு அட்ரசையே போட்டு உடு அம்முணி" என்றார்.

என் அப்பா விசைத்தறித் தொழிலாளி. சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் என்று எந்தக் குடோனில் வேலையோ, அந்தக் குடோனுக்குப் பக்கத்து லைன் வீடுதான் எங்கள் வீடு. எனக்கு விவரம் தெரிந்து ஏழு வீடு மாறியிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அதனால் போன் ரிப்பேர் முதல் டி.வி. ரிமோட் வரை எது வந்தாலும், "எம்புள்ள கம்ப்யூட்டருக்குப் படிக்குது, அது பாத்துக்கும்" என்று அப்பா சொல்லிவிடுவார். அப்படிச் சொன்ன ஒரு வார்த்தையால் சென்ற ஆடி மாதம் நாங்கள் பட்ட பாட்டையும், அதில் நான் கற்றுக்கொண்ட பாடத்தையும் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அப்பா வேலை செய்யும் குடோனில் ஊடை நூல் கோன்கள் அவ்வப்போது குறைந்துகொண்டிருந்தன. முதலாளி யாரையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் ராத்திரி ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும் மனசு சுருக்கென்றது. கேமரா வைத்து வீட்டிலிருந்தே போனில் பார்க்க வேண்டும் என்றார் முதலாளி. "எம்புள்ளையே போட்டுக் குடுக்கும்ங்க" என்று அப்பா முந்திக்கொண்டார். முதலாளி தெரிந்தவரிடம் பழைய டி.வி.ஆர். ஒன்றும் மூன்று கேமராவும் வாங்கி வந்தார். குடோனில் பைபர் இணைப்பு ஏற்கெனவே இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் பஞ்சுத் தூசிக்குள் ஏணி போட்டு ஒயர் இழுத்தேன். டி.வி.ஆருக்கு 192.168.1.50 என்று ஓர் எண் கொடுத்தேன். ரவுட்டரில் போர்ட் பார்வர்டிங் செய்தேன். வெளியிலிருந்து பார்க்க வேண்டிய எண்ணை முதலாளியின் போனில் பதிந்து கொடுத்தேன். அந்த எண் 203.0.113.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். (உண்மையான எண்ணை எழுதக்கூடாது. இது பாடப் புத்தகங்களில் உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்.) முதலாளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தறி ஓடுவதைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு அப்பா நடந்த நடையே வேறு!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆடிக் காற்று. பல்லடம் பக்கத்து ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு மணிக்குக் கரண்ட் போய்ப் பன்னிரண்டு மணிக்கு வந்தது. விடிந்து முதலாளி போனைத் திறந்தால் திரை கறுப்பு. "ஏப்பா, நேத்து ராத்திரி ஷிப்ட்டுல யாரு இருந்தது?" என்று கேட்டிருக்கிறார். இருந்தது என் அப்பாதான்.

அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "ஏங்கண்ணு, அது தானா நின்னுக்குமா? யாராச்சும் நிறுத்துனாத்தான் நிக்குமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தோழர்களே, தேர்வில் பதில் தெரியாமல் விழித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் போல என்றும் நான் வெட்கப்பட்டதில்லை.

கல்லூரிக்குப் போகாமல் நேரே குடோனுக்குப் போனேன். டி.வி.ஆர். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லாத ஒரு மணி நேரம் தவிர ராத்திரி முழுவதும் பதிவாகியிருந்தது. முதலாளியைக் கூப்பிட்டு அங்கேயே ஓட்டிக் காட்டினேன். அப்பா பாவு அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்; யாரும் எதையும் தொடவில்லை. பிறகு ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை நோட்டில் எழுதி வைத்த எண் 45-இல் முடிந்தது. திங்கட்கிழமை ரவுட்டரில் இருந்த எண்ணோ 112-இல் முடிந்தது. விஷயம் விளங்கிவிட்டது. கேமரா நிற்கவில்லை. வீடு மாறிவிட்டது!

இனி இதன் விளக்கத்துக்கு வருகிறேன். இணையத்தில் ஒரு கருவிக்குத் தகவல் போய்ச் சேர அதற்கு ஒரு முகவரி வேண்டும். அதுவே ஐ.பி. முகவரி. பழைய நான்காம் பதிப்பில் இது 32 பிட் கொண்டது. 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாக எழுதுகிறோம். கணக்குப் போட்டால் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள்தான். உலக மக்கள் தொகைக்கே இது போதாது. ஆளுக்கு இரண்டு போன் இருக்கும் காலத்தில் எப்படிப் போதும்?

ஆகவே இணைய நிறுவனங்கள் முகவரியை நமக்குச் சொந்தமாகத் தருவதில்லை. வாடகைக்குத் தருகின்றன. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, தொலைபேசியில் டயல் செய்து இணைய வேண்டும். டயல்-அப் முறையில், இணையும்போது கையிருப்பிலிருந்து ஒரு முகவரி வரும். போனை வைத்தால் அது அடுத்தவருக்குப் போய்விடும். இன்று பைபர் வந்த பிறகும் வீட்டு இணைப்புகளுக்குப் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். முகவரியைத் தானாகப் பங்கிட்டுத் தரும் டி.எச்.சி.பி. என்ற முறையில், அது கொடுத்து வைக்கும் காலத்துக்கு 'லீஸ்', அதாவது குத்தகை என்றே பெயர்! ரவுட்டர் அணைந்து எழுந்தால் பழைய முகவரியே வரலாம், புதியதும் வரலாம். இப்படி மாறுவது டைனமிக் ஐ.பி. மாறாமல் நமக்கென்றே எழுதி வைப்பது ஸ்டாட்டிக் ஐ.பி.

அப்படியானால் 192.168.1.50 மட்டும் ஏன் மாறவில்லை? அது குடோனுக்குள் மட்டும் செல்லும் எண். இப்படிச் சில எண் வரிசைகளை உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் குடித்தனம், ஆனால் வாசலில் ஒரே கதவு எண். உள்ளே நாங்கள் முதல் வீடு, இரண்டாம் வீடு என்று சொல்லிக்கொள்வோம். அது வெளியூர்க்காரருக்குப் பயன்படாது. எங்களில் யாராவது கடிதம் போட்டு அதற்குப் பதில் வந்தால், வீட்டுக்கார அம்மா நினைவு வைத்திருந்து சரியான வீட்டில் கொடுத்துவிடுவார். முன்பின் தெரியாத ஒருவர் வெறும் கதவு எண்ணுக்கு எழுதினால் யாருக்கென்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார். ரவுட்டர் செய்யும் 'நாட்' என்ற வேலை இதுதான். "இன்ன மாதிரிக் கடிதம் வந்தால் ஐந்தாம் வீட்டுக்குக் கொடுங்க" என்று முன்கூட்டிச் சொல்லி வைப்பதே போர்ட் பார்வர்டிங்.

சரி, மாறும் முகவரியை எப்படிச் சமாளிப்பது? இதற்கும் என் வீட்டிலேயே விடை இருந்தது. உதவித்தொகைக்காக வங்கியில் கணக்குத் தொடங்கியபோது என் ஏ.டி.எம். கார்டு பழைய வீட்டு முகவரிக்குப் போய்விட்டது. ஆனாலும் அது என் கைக்கு வந்தது. தபால்காரர் டீக்கடையில் விசாரித்து, "அந்தத் தறிக்காரரா? அவரு இப்ப மேக்கால லைனுக்குப் போயிட்டாருங்க" என்று அறிந்து புது வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். முகவரி மாறினாலும் பெயர் மாறவில்லை அல்லவா? டைனமிக் டி.என்.எஸ். என்பது அந்த டீக்கடைதான். நமக்கென்று ஒரு பெயரைப் பதிந்துகொள்கிறோம். எண் மாறும்போதெல்லாம் ரவுட்டர் தானே போய், "நான் இப்போது இங்கே இருக்கிறேன்" என்று சொல்லி வைக்கும். முதலாளி போனில் எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைப் போட்டேன். கரண்ட் போனாலும் வந்தாலும் படம் வந்தது.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஐப்பசியில் மறுபடியும் திரை கறுப்பு! இந்த முறை ரவுட்டர் காட்டிய எண் 100.72 என்று தொடங்கியது. இணையத்தில் 'என் முகவரி என்ன' என்று பார்த்தாலோ வேறு எண். இரண்டு நாள் தேடிய பிறகு, எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் விளக்கினார். 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பில் கடைசியாக இருந்த ஐந்து பெரிய தொகுதிகளையும் ஐந்து மண்டலங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆசிய பசிபிக் மண்டலத்தில் அதே ஆண்டு ஏப்ரலிலேயே தட்டுப்பாட்டுக் கணக்கு தொடங்கிவிட்டது. எனவே நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கத் தொடங்கின. அதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை உள்ள வரிசையை ஒதுக்கினார்கள். அதாவது லைன் வீட்டுக்கு வெளியே இன்னொரு பெரிய லைன் வீடு! அந்தப் பெரிய வாசலில் நின்று "இந்தக் கடிதம் எங்களுக்கு" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. டைனமிக் டி.என்.எஸ். இங்கே பலிக்காது.

முதலாளியிடம் மூன்று வழி சொன்னேன். ஒன்று, வருடத்துக்குக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்குவது. இரண்டு, புது ரக டி.வி.ஆர். வாங்குவது, அது தானே வெளியே போய்க் கம்பெனி சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும், நாம் அங்கே போய்ப் பார்க்கலாம், நிலையான முகவரி தேவையில்லை. மூன்று, ஆறாம் பதிப்பு ஐ.பி. அது 128 பிட். எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கம் வரும், தட்டுப்பாடே கிடையாது. ஆனால் எங்கள் பழைய டி.வி.ஆருக்கு அந்தப் பாஷை தெரியாது. முதலாளி ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நம்பரையே வாங்கிப்போடு அம்முணி, இனி மாறாதல்லோ?" என்றார். மாறவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஸ்டாட்டிக் ஐ.பி. வாங்க ஓட வேண்டாம். படம் பார்க்க, பாடம் படிக்க, பணம் அனுப்ப அது தேவையே இல்லை. வெளியிலிருந்து நம் வீட்டுக் கருவியை நாமே நேராகத் தொட வேண்டும் என்றால்தான் தேவை. இன்னொரு எச்சரிக்கை: மாறாத முகவரி நமக்கு மட்டுமல்ல, திருடனுக்கும் மாறாததுதான். 2016-இல் 'மிராய்' என்ற தீய நிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுவதும் பிடித்து அடிமையாக்கியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், பெரிய பெரிய இணையதளங்களே பல மணி நேரம் முடங்கின. அந்த 'டின்' டைனமிக் டி.என்.எஸ். சேவையால் பெயர் பெற்ற நிறுவனம் என்பது வேடிக்கையான செய்தி. ஆகவே முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். முடிந்தால் வி.பி.என். வழியாக மட்டும் உள்ளே போங்கள். நான் முதல் நாளே இதைச் செய்யாமல் விட்டது என் தவறு. பிறகுதான் செய்தேன்.

நூல் கோனை எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. முதலாளியும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் எனக்கு விடை தெரியாமலே போயிருந்தால், அப்பா அந்த வாரமே கணக்கு முடித்துக்கொண்டு எட்டாவது வீட்டுக்குச் சாமான் கட்டியிருப்பார். அவர் சுபாவம் அப்படி.

ஸ்டாட்டிக் ஐ.பி. வந்த அன்று ராத்திரி, அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "பணங் கட்டுனா மாறாத அட்ரசு குடுப்பாங்களா அம்முணி? நமக்கு ஒண்ணு வாங்க முடியாதா?" அம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய், அந்தப் படிவத்தின் இரண்டாவது கட்டத்தில் எழுத எங்களுக்கென்று ஒரு கதவு எண் வாங்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதுவரை வீடு எத்தனை மாறினாலும், டீக்கடையில் கேட்டால் அப்பாவின் பெயரைச் சொல்லி வழி காட்டுவார்கள். அந்தப் பெயருக்குக் குறை வராமல் நான் படிக்க வேண்டும்.