திருத்தியும் ஏற்கப்படாத கட்டுரை

எமது முதல் வகுப்பிலே தமிழ் கற்ற மாணவர் ஒருவர் இன்று வைத்தியராய்க் கொட்டாஞ்சேனையில் வாழ்கின்றார். சென்ற மாதம் எமது வெள்ளவத்தை இல்லத்திற்கு வந்தவர், மருத்துவச் சஞ்சிகையொன்று அனுப்பிய இரு கடிதங்களை எம்முன் வைத்தார். முதலாவது, கட்டுரையைத் திருத்தி அனுப்புமாறு அழைத்தது. நான்கு மாத உழைப்பின் பின் வந்த இரண்டாவது, அதனை மறுத்தது.

“திருத்தினால் தேறும் என்று நீங்கள்தானே சேர் படிப்பித்தீர்கள்!” என்றார். அச்சொல் எம்மைச் சுட்டது.

திருத்தக் கேட்பது ஏற்பதாக வாக்களிப்பதன்று. மதிப்பாளரின் ஐயங்களுக்கு விடை கேட்பதே அது. பத்திராதிபர் இதனைக் கடிதத்திலேயே எழுதுவதுமுண்டு. மகிழ்ந்திருப்பவர் கண்ணில் அவ்வரி படுவதில்லை.

அன்பர் இரு மருந்துகளை ஒப்பிட்டிருந்தார். நோயாளரை எழுந்தமானமாக இரு பிரிவாக்கியதாக முதலில் எழுதியிருந்தார். எவ்வாறு என்று மதிப்பாளர் வினவ, திங்கட்கிழமை வந்தோர்க்கு ஒன்று, வியாழக்கிழமை வந்தோர்க்கு மற்றையது என்று உள்ளதை உள்ளவாறே எழுதினார். அவ்வுண்மையே கட்டுரைக்குக் காலனாயிற்று. எந்நாளில் எம்மருந்து என்பது முன்னரே தெரிந்தால், யாரை எந்நாளில் வரச்சொல்வது என்பதில் மனம் தன்னையறியாமலே சாயும். 1948இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த ஸ்ரெப்ரோமைசின் ஆய்விலே, எவர்க்கு எச்சிகிச்சை என்பதை முத்திரையிட்ட உறைகளுள் மறைத்து வைத்தது இச்சாய்வைத் தடுக்கவே.

மற்றுமொரு குறையும் இருந்தது. முதல் நோயாளி சேருமுன்னரே ஆய்வைப் பதிவுசெய்தல் வேண்டுமென மருத்துவச் சஞ்சிகைப் பத்திராதிபர்களின் சர்வதேசக் குழு 2005 முதல் கேட்டு வருகின்றது. அதற்கான பதிவேட்டை இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடக்கியது. அன்பர் பதிந்தாரல்லர். நடையைத் திருத்தலாம், நடந்ததைத் திருத்தலாகுமோ?

வினாக்களுக்குச் சினந்து விடையிறுத்தல், சான்றுக்கு மிஞ்சிய முடிபைக் கைவிடாமை என்பனவும் மறுப்பைத் தேடித்தரும். இரண்டாம் முறை புதிய மதிப்பாளர் வந்து புதுக்குறை காண்பதுமுண்டு. அஃது எழுதியவர் குற்றமன்று. பதிவிலக்கத்தை முதற் கடிதத்திலேயே கேட்டிருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்குமே என்று அன்பர் நொந்துகொண்டதிலும் நியாயமுண்டு.

22 ஆண்டுகளாக மாணவர் கொப்பிகளில் ‘திருத்தி எழுதுக’ என்று சிவப்பு மையால் எழுதி வருகின்றோம். நாம் பார்த்தது வாக்கியத்தை மாத்திரமே. அவ்வாக்கியம் சொல்வது எப்படி நடந்தது என்று எவரையும் கேட்டதாக நினைவில்லை. இதனை அவரிடம் ஒப்புக்கொண்டோம். அவர் சிரித்தார். அடுத்த ஆய்வின் திட்டத்தை, தொடங்குமுன் எமக்கும் காட்டுவதாகச் சொல்லிக் காலி வீதியில் பஸ் ஏறினார்.