பாட்டுக்குப் பின்னால் நின்ற நாவலாசிரியர்

எங்கள் காரைக்குடிப் பக்கம் கவியரசர் கண்ணதாசன் பெயரைச் சொன்னால் உடனே யாராவது ஒரு பாட்டை எடுத்துவிடுவார்கள். நாவலைச் சொல்கிறவர் அபூர்வம். எனக்கு அது பெரிய மனக்குறை. சேரமான் பெருமாளை வைத்து அவர் எழுதிய 'சேரமான் காதலி'க்குத்தான் 1980இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

1927இல் சிறுகூடல்பட்டியில் பிறந்த முத்தையாவை, 7,000 ரூபாய் பேசிக் காரைக்குடி வீடொன்றுக்குப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்துக் கொடுத்தார்கள். அங்கே அவர் பெயர் நாராயணன். பள்ளிப் படிப்பு அமராவதிபுதூரில் எட்டாம் வகுப்போடு சரி. கண்ணதாசன் என்பது அவரே வைத்துக்கொண்ட பெயர்.

'வனவாசம்' படித்திருக்கிறீர்களா? தன் கதையையே 'நான்' என்று சொல்லாமல் 'அவன்' என்று எழுதியிருப்பார். கடன், அரசியல், சறுக்கல் எதையும் மறைக்கவில்லை. அந்தத் துணிச்சலுக்காகவே அதைத் தமிழின் மிகச் சிறந்த தன்வரலாறுகளில் ஒன்றாக வைப்பேன்.

1981 அக்டோபர் 17, சிகாகோவில் காலமானார். வயது 54தான்.

இங்கே காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. செட்டிநாடு சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அரண்மனை வீடுகளோடு திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு எட்டுப் போய் வாருங்கள். ஊர் திரும்பியதும் 'வனவாசம்' வாங்கிப் படியுங்கள்.