கப்பலுக்கு முந்தின சாயங்காலம்

மகள் அனுப்பிய அட்டவணையில் 'மாலை 5.15 – 5.30: ஓய்வு' என்று ஒரு வரி இருந்தது. ஓய்வெடுக்கக் கால் மணி நேரம்! எனக்குச் செருப்பைக் கழற்றி மாட்டவே அது சரியாகப் போய்விடும்.

மறுநாள் மதியம் சிங்கப்பூரில் கப்பல் ஏறவேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது என்பதால் முதல்நாளே போய் இறங்குவதாக ஏற்பாடு. இப்படி நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சாயங்காலத்தைத்தான் அவள் கூறுபோட்டு வைத்திருந்தாள். மெர்லயன் சிலை முன்னால் போட்டோ, பேரனுக்குப் பட்டம், கரையோரப் பூந்தோட்டத்தில் 7.45 விளக்குக் காட்சி, தேக்காவில் தோசை. "எனக்கு ஒன்றும் வேண்டாம், ஓரிடத்தில் உட்கார்ந்தால் போதும்" என்றேன். "உட்காருவதற்கும் நேரம் போட்டிருக்கிறேன், அப்பா" என்றாள்.

எங்கள் வீட்டில் கப்பலுக்கு முந்தின சாயங்காலம் என்றால் அது அத்தையின் சொத்து. 1937இல் தாத்தா மலாயாவுக்குப் போனார், நாகப்பட்டினத்திலிருந்து. அத்தைக்கு அப்போது ஆறு வயது. தாத்தா போனதைப் பற்றி அவள் அதிகம் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் முதல்நாள் சாயங்காலத்தைப் பற்றித்தான். இரண்டு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஊரே வழியனுப்பப் போயிற்றாம். சத்திரத்தில் இடமில்லை என்று கடற்கரை மணலிலேயே பாய் விரித்தார்களாம். தூக்குச்சட்டியில் புளியோதரை. வழிக்கென்று இடித்துப் பிடித்த பொருள்விளங்காய் உருண்டை ஒரு டின் நிறைய; அதில் நாலைந்தைப் பிள்ளைகள் இருட்டில் திருடிக் கடித்து, அத்தைக்கு ஆடிக்கொண்டிருந்த பல் அன்றைக்கே விழுந்தது. பல்லை மணலில் புதைத்த இடத்தைக்கூடச் சொல்வாள்.

பெரிய கப்பல் நாகப்பட்டினத்தில் கரைக்கு வராது. தூரக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அதனால் ராத்திரி முழுக்கக் கடலில் ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்ததாம். "அது கப்பலா, நட்சத்திரமா?" என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தாத்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னாராம்.

எந்தக் கப்பல் என்று அத்தைக்குத் தெரியாது. 'ரஜூலா' என்று நானாக வைத்துக்கொண்டிருக்கிறேன். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. நம்மவர்கள் பெரும்பாலும் மேல்தளத்து டிக்கெட். தான் கொண்டுபோன பாய், தான் பிடித்த இடம். சிங்கப்பூர் வந்ததும் நேரே ஊருக்குள் விடமாட்டார்கள். தொற்றுநோய்ப் பயத்தில் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கி ஒதுக்கி வைப்பார்கள். வந்து இறங்கியும் வந்து சேராத நாட்கள். அதற்கெல்லாம் யார் அட்டவணை போட்டார்கள்?

தாத்தா மூன்று வருஷத்தில் வருவதாகச் சொல்லிப் போனார். ஜப்பான்காரன் நடுவில் வந்துவிட்டதால் ஒன்பது வருஷமாயிற்று. அத்தை அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். பல் விழுந்த கதைக்கு அரைமணி நேரம்.

பட்டம் விட மகள் தேர்ந்தெடுத்த இடம் மரினா அணைக்கட்டு. அவளுடைய அட்டவணையை எவ்வளவு திட்டினாலும் இந்த ஒன்றுக்காக மன்னிக்கலாம். 2008இல் திறந்தது. ஒன்பது இரும்புக் கதவுகளை வைத்துக் கடலை ஒருபுறம் நிறுத்தி, மறுபுறம் நகரத்துக்கு நடுவே நன்னீர் ஏரியை உண்டாக்கியிருக்கிறார்கள். பம்பு அறைக் கட்டடத்தின் கூரை முழுக்கப் புல். சாய்ந்தால் பாய்கூட வேண்டாம். ஒரு பக்கம் கோபுரங்கள், மறுபக்கம் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள், தலைக்கு மேலே யார் யாருடையவோ பட்டங்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் சூரியன் விழும். 7.10க்குக் கிளம்பவேண்டும் என்பது அட்டவணை. 7.10க்குப் பேரனின் பட்டம் அப்போதுதான் காற்றைப் பிடித்திருந்தது. 7.20க்கு மகள் செல்போனைப் பார்த்தாள். 7.30க்கு மாப்பிள்ளை நூலைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அத்தோடு விளக்குக் காட்சி போயிற்று. "8.45க்கு இன்னொன்று இருக்கிறது" என்று மகள் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவளும் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் கால் நீட்டினாள். பையிலிருந்து முறுக்கு வந்தது.

கடலில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. பேத்தி என் மடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதைத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போயிற்று.

"இதில் நம்ம கப்பல் எது, தாத்தா?"

"அது நாளைக்குக் காலையில்தான்டி வரும்" என்றாள் மகள்.

நான் தள்ளி நின்ற ஒரு விளக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டாள். வேறொன்றைக் காட்டினேன்.