மஞ்சள் குச்சி... சிவப்பு மணி!

'ஐ.வி.' என்றால் என்னவென்று இன்ஜினீயரிங் பசங்களுக்கு விளக்கத் தேவையில்லை. இண்டஸ்ட்ரி அரை மணி நேரம், மீதியெல்லாம் விசிட்! அப்படித்தான் எங்கள் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு கும்பல் ஆக்ராவில் போய் இறங்கியது. தாஜ்மகால் முன்னால் குரூப் போட்டோ எடுத்தாச்சு. மறுநாள் ஃப்ரீ. எல்லோரும் ஷாப்பிங் கிளம்ப, நானும் என் ரூம்மேட்டும் மட்டும் உ.பி. அரசு பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். அவன் அப்பா ஏர்ஃபோர்ஸ். அதனால் இந்தி அவன் பொறுப்பு, டிக்கெட் என் பொறுப்பு.

போன இடம் புர்தில்நகர். "அது எங்கப்பா இருக்கு?" என்றுதானே கேட்கிறீர்கள்? ஆக்ராவிலிருந்து ஹாத்ரஸ். நம் வீட்டு சாம்பாரில் மணக்கிற பெருங்காயத்துக்குப் பேர் போன ஊர். அங்கிருந்து சிக்கந்தரா ராவ். அப்புறம் ஷேர் ஆட்டோவில் குலுங்கினால், தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிப் பாசிமணி செய்கிற இந்தச் சின்ன டவுன் வந்துவிடும்.

நான் கடலூர்க்காரன். பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த இடம். அங்கே பழங்காலத்தில் கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணி செய்திருக்கிறார்கள். புர்தில்நகரில் நான் பார்த்தது வேறு ஸ்டைல். ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகத் தீயில் சுற்றி எடுக்கிறார்கள்.

ஒரு வீட்டின் முன்னறை. மேஜை மேல் நாலு கேஸ் பர்னர். ப்ளோயர் காற்றில் தீ நீல நிறத்தில் சீறுகிறது. ஃபேன் கிடையாது, போட்டால் தீ ஆடிவிடும். தலை நரைத்த சாச்சா ஒருவர், பக்கத்தில் எங்கள் வயசில் அவருடைய அண்ணன் மகன். களிமண் குழம்பு பூசிய மெல்லிய இரும்புக் கம்பி இடது கையில், கண்ணாடிக் குச்சி வலது கையில். குச்சி முனை உருகித் தேன் மாதிரி தொங்க, கம்பியை உருட்டி உருட்டி அதில் சுற்றிக்கொள்கிறார். ஒரு நிமிஷத்துக்குள் ஒரு மணி!

"எந்தக் கலர் வேணும்?" என்றார். வெளிறிய மஞ்சள் குச்சி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தீயில் சுற்றினார். நிறமே இல்லாத மாதிரி இருந்தது. வெளியே எடுத்துச் சற்று ஆறவிட்டு, மறுபடி தீயின் ஓரத்தில் லேசாகக் காட்டினார். மஞ்சள், ஆரஞ்சு, அப்புறம்... சுத்தமான சிவப்பு!

"மேஜிக்கா சாச்சா?"

"மேஜிக் இல்ல பேட்டா. குச்சியோட கலரைப் பாத்து நம்பாத. தீயில காட்டினாதான் அது யாருன்னு தெரியும்."

மெட்டீரியல் சயின்ஸில் அரியர் வைத்திருப்பவன் என்பதால், ரூமுக்கு வந்ததும் நெட்டில் படித்தேன். அந்தச் சிவப்புக்குக் காரணம் காட்மியம், செலினியம் சேர்ந்த நுண்துகள்கள். கண்ணாடி உருகும்போது கரைந்துபோகும், ஆறவைத்து மறுபடி சூடு காட்டும்போது முளைக்கும். சூடு ஓவரானால் துகள்கள் பெரிசாகி, சிவப்பு போய் ஈரல் நிறம்! செம்பு கலந்த டர்க்காய்ஸ் குச்சிக்கு வேறு குணம். தீயில் ஆக்ஸிஜன் குறைந்தால் மேலே பழுப்புச் சிவப்புத் தோல் போர்த்திக்கொள்ளும். அதையே ஐவரி குச்சியோடு சேர்த்தால், இரண்டும் தொடும் இடத்தில் கறுப்புக் கோடு. ஐவரியில் இருக்கும் கந்தகமும் செம்பும் செய்கிற வேலை அது.

என் டர்ன் வந்தது. ஹீரோ மாதிரி குச்சியை நேராகத் தீயில் விட்டேன். 'டப்!' முனை சிதறி மேஜை முழுக்கத் தெறித்தது. "தூரத்துல காட்டி, மெல்ல மெல்ல உள்ள கொண்டு போ பையா" என்று சிரித்தான் அண்ணன் மகன்.

நிறம் மாறினால்கூடப் பரவாயில்லையாம். வெடிப்புதான் வில்லன். போன வருஷம் ஒரு பெரிய ஆர்டர். சிவப்பு மணி மேல் நீலப் புள்ளி. நடுவில் நீலக் குச்சி தீர்ந்துபோய்ப் புதுக் கட்டு வாங்கினார்கள். அதே நீலம்தான், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரவெல்லாம் செய்து, சூட்டுச் சாம்பலில் புதைத்து ஆறவைத்தார்கள். காலையில் எடுத்தால் பாதி மணிகளில் விரிசல். வியாபாரி முழு மணிகளை மட்டும் எண்ணிக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கேஸ், குச்சி, இரவு முழுக்க உழைப்பு எல்லாம் இவர்கள் கணக்கில் நஷ்டம்.

இத்தாலியின் மொரெட்டி குச்சிகளுக்கு '104' என்று ஒரு நம்பர் சொல்வார்கள். சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்பதன் குறியீடு. போரோசிலிகேட்டுக்கு 33. இரண்டையும் ஒட்டினால் ஆறும்போது விரிசல் நிச்சயம். இங்கே கட்டில் எந்த நம்பரும் இல்லை. அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சாச்சா செய்து காட்டினார். இரண்டு குச்சிகளின் முனைகளைத் தீயில் பக்கம் பக்கமாக ஒட்டி, நூல் மாதிரி நீளமாக இழுத்தார். ஆறியதும் நூல் நேராக நின்றால் ஜோடிப் பொருத்தம் ஓகே. வளைந்தால் டைவர்ஸ்! அட, இது ஸ்கூலில் படித்த பைமெட்டாலிக் ஸ்ட்ரிப் ஆச்சே! எது அதிகம் சுருங்குகிறதோ அந்தப் பக்கம் வளையும். நாலு செமஸ்டர் படித்த எனக்கு அதுவரை தோன்றவில்லை.

இப்போது கட்டு மாறும்போதெல்லாம் இந்த டெஸ்ட் உண்டு. "இந்த டெஸ்ட்டுக்குக் காசு தருவாங்களா?" என்று ரூம்மேட் கேட்டான். அண்ணன் மகன் பர்னரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மணிக்குத்தான் காசு. நூலுக்கு யாரு தருவா?" தீபாவளிக்கு அப்புறம் நொய்டாவில் டெலிவரி வேலைக்குப் போகிறானாம். சாச்சா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த குச்சியை எடுத்தார்.

இத்தாலியும் பிரான்ஸும் சேர்ந்து முன்மொழிய, கண்ணாடி மணிக் கலையை 2020-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சந்தோஷம்தான். அந்த நூலுக்கும் யாராவது கூலி போட்டுக் கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

சாச்சா டீ சொல்லப் போன கேப்பில், நானே ஒரு மணி செய்தேன். சிவப்பு மேல் நீலப் புள்ளி. நீலக் குச்சியை உருவியது, பிரித்து வைத்திருந்த புதுக் கட்டிலிருந்து. திரும்பி வந்தவர் மணியைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். "நூல் இழுத்துப் பாத்தியா?" என்றார். திருதிருவென்று முழித்தேன். "சரி, வச்சுக்கோ. அதுவே சொல்லும்" என்று சாம்பலில் புதைத்து, கிளம்பும்போது எடுத்துக் கொடுத்தார்.

சென்னை வரும் ரயில் நாக்பூர் தாண்டியபோது சட்டைப் பாக்கெட்டில் கை விட்டேன். இரண்டு துண்டு!

அதைத் தூக்கிப் போடவில்லை. ஹாஸ்டல் டேபிளில் மெட்டீரியல் சயின்ஸ் புத்தகத்தின் மேல் வைத்திருக்கிறேன். வெப்ப விரிவு பற்றி ரெண்டு மார்க் கேள்வி வந்தால், இந்த முறை விடமாட்டேன் பாஸ்!