லிங்கன் கவுண்டி அங்க எப்படி வந்துச்சு?

அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்கு ஜெயிச்சிருந்தா?
இந்தக் கற்பனைக்கு ஒருத்தர் போட்ட வரைபடம் பார்த்தேன்.
வர்ஜீனியா உடையவே இல்ல. மேற்கு வர்ஜீனியான்னு ஒரு மாநிலமே பிறக்கல.
என்ன அழகான நிறங்கள்!

ஆனா உள்ள லிங்கன் கவுண்டி இருக்கு.
வடகிழக்குல கிராண்ட் கவுண்டியும்!

கிராண்ட், 1866ல ஹார்டி கவுண்டியிலேர்ந்து பிரிச்சது. லிங்கன், 1867.
ஜெயிச்ச பக்கத்து தளபதி, ஜனாதிபதி பேரு.
அவங்க தோத்த உலகத்துல இந்தப் பேரை யாருங்க வைப்பா?

இன்னைக்கு மேற்கு வர்ஜீனியால இருக்கற 55 கவுண்டியை அப்படியே அடியில போட்டா இதான் நடக்கும்.
1863 முடியறப்ப அங்க 50தான். மிங்கோ கவுண்டி வர 1895 ஆச்சு.

சிகாகோ நியூபெரி நூலகம் பழைய கவுண்டி எல்லைகளைத் தேதிவாரியா தொகுத்து இலவசமாவே குடுத்திருக்கு.
அதுலேர்ந்து ஆரம்பிங்க, ப்ளீஸ்.
ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பிறந்த தேதி இருக்கு. அதைப் பார்த்து வரையறப்பதான் கற்பனைக்கே உயிர் வருது.

எனக்கு இப்ப ஓடற கேள்வி வேற.
அந்த உலகத்துலயும் ஜனங்க பெருகுவாங்க, ரயில் வரும், கவுண்டிகள் பிரியும்.
நீங்க வரைஞ்சா, ஹார்டியை எந்த இடத்துல வெட்டுவீங்க? யார் பேர் வைப்பீங்க?