மூக்குக்குத் தெரியாதது

கூரியரில் வந்த பாட்டிலை அம்மாதான் வாங்கி வைத்திருந்தாள். 500 மில்லி, பழுப்புக் கண்ணாடி, மேலே ஒரு ஸ்டிக்கர்: ‘பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால்’. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும்.

“ஆல்கஹால்னு போட்டிருக்கு. சாராயமாடா?”

“சென்ட் கலக்குறதும்மா.”

“அது சரி. சாராயமா, இல்லயா?”

“சாராயத்துல இருக்குறதுதான். ஆனா இதைக் குடிக்கக் கூடாது.”

“அதையும் குடிக்கக் கூடாதுதான்” என்று சொல்லிவிட்டு, என் இன்ஜினியரிங் புத்தகங்கள் கிடக்கும் பரணில் ஏற்றி வைத்தாள். யார் கையும் எட்டாத இடம் அது. என் கையும் ரொம்ப வருடமாக எட்டியதில்லை.

இது 2024 பிப்ரவரியில். மாதத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதால் எலவனாசூர்கோட்டைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் லேப்டாப்பை மூடினால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. நாள் முழுக்கக் கையில் பிடிக்க முடியாத ஒன்றைச் செய்கிறவனுக்குக் கையில் ஒட்டுகிற மாதிரி ஏதாவது வேண்டும். சிலர் சமைப்பார்கள். எனக்கு வாசனை பிடித்துக்கொண்டது.

சென்ட் செய்யக் கற்பது என்றால் நாலு எண்ணெயைக் கலப்பது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் மூன்று மாதம் கலக்கவே இல்லை, மோந்து மட்டும் பார்த்தேன். ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கிராம் ஆல்கஹால். கெட்டி அட்டையை விரல் அகலத்துக்கு வெட்டி, நுனியை நனைத்து, உடனே ஒருமுறை, பத்து நிமிடம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை மோந்து நோட்டில் எழுத வேண்டும். எலுமிச்சை அரை மணி நேரம்கூட நிற்காது. வெட்டிவேர் நாலைந்து நாள் அட்டையை விட்டுப் போகாது. மூக்கு களைத்துவிட்டால் முழங்கையின் உள்பக்கத்தை மோந்துகொள்ளலாம். சொந்தத் தோலின் வாசனை மூக்குக்குப் பழகிப்போனது என்பதால் அது ஒரு ரீசெட் பட்டன்.

சொட்டுக் கணக்கை நம்பியது முதல் தப்பு. ஆரஞ்சு எண்ணெய் தண்ணி மாதிரி, வெட்டிவேர் எண்ணெய் பாகு மாதிரி. இருபது சொட்டும் இருபது சொட்டும் ஒரே அளவு இல்லை. அதற்கப்புறம்தான் 0.01 கிராம் காட்டும் தராசு வாங்கினேன்.

மோந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்காது. அம்மாவுக்குக் கிடைக்கும். இன்டோல் என்றொரு பொருள் உண்டு. மல்லிகையின் வாசனைக்குள் இயற்கையாகவே கொஞ்சம் இருக்கிறது. தனியாக எடுத்தால் நாறும். அட்டையை அம்மாவிடம் நீட்டினேன்.

“அந்துருண்டை.”

இன்னும் நீர்க்க வைத்து, ஹெடியோனோடு சேர்த்துக் கொடுத்தேன். ஹெடியோன் மல்லிகையின் காற்றோட்டமான பக்கம். 1966இல் எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா தன் ‘ஓ சவாஜ்’ சென்ட்டில் பயன்படுத்திய பிறகு உலகம் முழுக்கப் பரவிய செயற்கைப் பொருள். அம்மா ரொம்ப நேரம் மோந்தாள்.

“மல்லிதான். ஆனா தலையில வச்ச மல்லி இல்லடா. சாவு வீட்டுல மத்தியானத்துக்கு மேல மாலை ஒரு மாதிரி அடிக்குமே, அது.”

நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். இன்டோலைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் துல்லியமான பக் ரிப்போர்ட் எனக்கு வந்ததில்லை.

நம் ஆட்கள் இதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று தேடியபோது சிலப்பதிகாரத்தில் போய் நின்றேன். கடலாடு காதையில் மாதவி தலை குளிக்கிற தண்ணீரில் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஊறுகின்றன. மொத்தம் 47. அடியார்க்குநல்லார் தன் உரையில் அவற்றைப் பெயர் பெயராக அடுக்குகிறார். ஒருவேளைக் குளியலுக்கு இத்தனை டிபெண்டென்சியா என்று மலைத்துப்போனேன். அதில் எதற்கும் ஸ்பிரிட் தேவைப்படவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஏப்ரலில் சொந்தமாக எண்ணெய் இறக்கும் ஆசை வந்தது. கடலூர்ப் பக்கம், நொச்சிக்காட்டுக் கடற்கரை மணலில் விளைந்த வெட்டிவேர் இரண்டு கிலோ. பழைய குக்கரில் விசிலைக் கழற்றிவிட்டுக் குழாய் மாட்டி, செப்புக் குழாயைச் சுருட்டி, தண்ணீர் வாளிக்குள் இறக்கி, மறுமுனையில் பாட்டில். கொல்லையில் விறகு அடுப்பு. ஆவி குழாய்க்குள் போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“யாராச்சும் பாத்தா என்னாடா நெனப்பாங்க? கல்வராயன் மலையில ஊறல் போட்டவன் கணக்கா நிக்கிற.”

அவள் சொன்னதில் தப்பில்லை. கன்னோஜில் தேகில் பூவைப் போட்டு அத்தர் இறக்குகிறவரும் மலை ஓடையில் ஒளிந்து சாராயம் காய்ச்சுகிறவரும் செய்வது ஒரே வேலை: சூடாக்கு, ஆவியாக்கு, குளிரவை. எனக்கு ஆறு மணி நேரத்தில் கிடைத்தது இரண்டு பாட்டில் வாசனைத் தண்ணீரும், மேலே ஈச்சிறகு மாதிரி ஒரு படலமும்தான். ஆலைகளில் இதே வேருக்குப் பதினெட்டு, இருபத்துநாலு மணி நேரம் ஆவி விடுகிறார்கள்.

பிறகு ஜூன் வந்தது.

எங்கள் ஊரிலிருந்து தியாகதுருகம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. அங்கே கருணாபுரத்தில் ஜூன் 18ஆம் தேதி பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் விடிவதற்குள் விழ ஆரம்பித்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்க வரும் அண்ணனின் தங்கையைக் கருணாபுரத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. தங்கை புருஷன் மூன்றாவது நாள் போய்விட்டார். கடைசியில் கண் தெரியவில்லை என்று கத்தினாராம்.

அதில் கலந்திருந்தது மெத்தனால். அதுவே உடனடி விஷம் இல்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. அதனால்தான் பல மணி நேரத்துக்கு ஒன்றும் தெரிவதில்லை. இதற்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால். கல்லீரல் எத்தனாலை முதலில் கவனிப்பதால் மெத்தனால் மாறாமல் காத்திருக்கும். அதற்குள் அதை வெளியேற்றிவிட வேண்டும்.

பரணிலிருந்து பாட்டிலை இறக்கினேன். பாதி காலியாகியிருந்தது. ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம், குடிக்காமல் இருப்பதற்காக எதைச் சேர்த்திருக்கிறார்கள், ஒரு வரி கிடையாது. விற்றவருக்கு மூன்று மெயில் போட்டேன், பதில் இல்லை. இந்த நாலு மாதமும் அதில் கலந்ததைத்தான் அம்மாவின் மணிக்கட்டில் தேய்த்திருக்கிறேன், அக்கா மகளின் கவுனில் அடித்திருக்கிறேன்.

மூடியைத் திறந்து மோந்தேன். சுத்தமாக, ஜில்லென்று இருந்தது. எத்தனாலும் அப்படித்தான் இருக்கும், மெத்தனாலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஹெடியோனில் ஒரு சதவீதம் கூடினால் கண்டுபிடிக்கிற மூக்கு என்று எனக்குள் ஒரு கர்வம் வளர்ந்திருந்தது. அந்த மூக்கு இதில் உதவாது. கருணாபுரத்தில் பாக்கெட்டைக் கிழித்தவர்களின் மூக்கும் உதவவில்லை. இந்தப் பக்கமெல்லாம் கரும்பு. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்துதான் எத்தனால் எடுக்கிறார்கள். நல்ல எத்தனால் அரை லிட்டர் வேண்டுமென்று நான் எங்கே போய்க் கேட்பது? அந்த மாதம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அதை வாய்விட்டுக் கேட்கத்தான் முடியுமா?

பிளஸ் டூவில் படித்த அயடோஃபார்ம் சோதனை ஞாபகம் வந்தது. அயோடினும் காரமும் சேர்த்தால் எத்தனால் மஞ்சளாக வீழ்படியும், மெத்தனால் படியாது. செய்து பார்த்தேன். மஞ்சள் வந்தது. ஒரு நிமிடம் நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது: எத்தனால் இருக்கிறது என்றுதான் இது சொல்கிறது, மெத்தனால் இல்லை என்று சொல்லவில்லை. டெஸ்ட் பாஸானதால் பக் இல்லை என்று சொல்கிற ஜூனியர்களை நானே எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

அம்மா அதிகம் பேசவில்லை. மிச்சத்தை வாங்கி, அதில் ஃபினாயிலை ஊற்றிக் குலுக்கி, கக்கூஸில் கொட்டினாள். பாட்டிலையும் சாக்கில் சுற்றி உடைத்தாள்.

“ஃபினாயில் எதுக்கு? எப்படியும் கொட்டத்தானே போறோம்?”

“கொட்டுறதுக்குள்ள எவனாச்சும் கேட்டா? இந்த வாசனைக்குக் குடுன்னு நிக்க மாட்டான்.”

இரண்டு மாதம் எதையும் தொடவில்லை. திரும்பத் தொட்டது எள்ளால். சென்ட்டுக்கு ஸ்பிரிட் வருவதற்கு முன்னால் இங்கே வாசனையைப் பிடித்து வைத்தது எண்ணெய்தான். தோல் நீக்கிக் காயவைத்த எள்ளைப் பரப்பி, அதன்மேல் மல்லி மொட்டைப் பரப்பி, மறுபடி எள். மல்லி பறித்த பிறகும் உயிரோடிருக்கிற பூ, ராத்திரியில்தான் விரிந்து வாசனை விடும். எள்ளிலிருக்கும் எண்ணெய் அதைக் குடித்துக்கொள்ளும். காலையில் வதங்கியதைப் பொறுக்கிவிட்டுப் புது மொட்டு. ஏழு ராத்திரி செய்தோம். பொறுக்குவது அம்மா வேலை. ஒரு வதங்கல்கூட விடமாட்டாள், விட்டால் அந்த மத்தியான மாலை வாசனை ஏறிவிடும். செக்கில் ஐந்து கிலோவுக்குக் குறைந்து ஆட்ட மாட்டேன் என்றார்கள். இன்னொரு பத்து நாள் பூ வாங்கினோம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அண்ணன் வந்திருந்தார். என் மேசையை நகர்த்தும்போது பாட்டில்களைப் பார்த்துவிட்டு நின்றார்.

“தம்பி, இதுல ஸ்பிரிட்டு எதனா கலந்திருக்கா?”

“இல்லண்ணா. வெறும் நல்லெண்ணெய்தான். பூவுல ஊறுனது.”

சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு வாங்கிப் புறங்கையில் தேய்த்து மோந்தார்.

“மல்லிப்பூவேதான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தங்கச்சிக்குக் கொஞ்சம் குடுப்பீங்களா? அதுக்குப் பூன்னா உசுரு. இப்ப வைக்கக் கூடாதுன்றாங்க. இது எண்ணெதான?”

அம்மா உள்ளேயிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தாள். கழுத்துவரை ஊற்றச் சொன்னாள்.