மல்லிக் பஜாரில் ஒரு கிழ வண்டி

கல்கத்தாவைக் காண வரும் நம்மவர் காளிகட்டத்துக் கோயில், விக்டோரியா மண்டபம், ஹௌராப் பாலம் ஆகியவற்றைக் கண்டு மனநிறைவோடு ஊர் திரும்புவர். மல்லிக் பஜாரை எவரும் கேட்பதில்லை. ஆயினும் பழைய மோட்டார் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, பழுது பார்ப்பதா, தலைமுழுகுவதா என்று தவிக்கும் குடும்பத் தலைவர் ஒருநாள் அங்கே போய் நின்றே ஆகவேண்டும்.

சியால்தா நிலையத்தினின்று தெற்கே நடந்தால் மௌலாலி, எண்டாலி கடந்து, ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் சாலை பார்க் வீதியைச் சந்திக்கும் இடத்தை ஒட்டியது இச்சந்தை. அருகிலேயே 1767-இல் திறக்கப்பெற்ற பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. மனிதர் இடுகாட்டின் பக்கத்தில் வண்டிகளின் இடுகாடு! ஆனால் இங்கு வந்த வண்டி முற்றும் மடிவதில்லை. அதன் கதவு ஒரு வண்டிக்கும் கியர்ப்பெட்டி வேறொரு வண்டிக்கும் போய்ச் சேருகின்றன. கடைவாயில்களில் விளக்குகளும் ரேடியேட்டர்களும் எண்ணெய்ப் பிசுக்கோடு குவிந்து கிடக்கும் காட்சியை முதன்முறை காண்பவர் மலைத்துப் போவார்.

இந்நகரில் பழைய வண்டி என்றால் அம்பாசிடர்தான். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டைப் பின்பற்றி, ஹூக்ளிக்கரை உத்தரபாராவில் அதனைச் செய்தார்கள். ஹௌராவிலிருந்து பர்த்வான் செல்லும் பாதையில் உத்தரபாராவுக்கும் கொன்னகருக்கும் இடையே ‘ஹிந்த் மோட்டார்’ என்றே ஒரு நிலையம் உண்டு. ஆலையில் 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றது. பெயர் நிற்கவில்லை, அந்நிலையத்துக்கு நாங்கள் இன்றும் பயணச்சீட்டுக் கொடுக்கிறோம்.

லேக் மார்க்கெட் பக்கம் வாழும் நம் பெரியவர் ஒருவரிடம் 1988-ஆம் ஆண்டின் பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று உண்டு. சில மாதங்களாக அது நீலப்புகை கக்கியது. மேம்பாலம் ஏறத் திணறியது. வாரந்தோறும் எண்ணெய் கேட்டது. மெக்கானிக் ஒருவர் கேட்ட தொகையோ பெரியவரின் இரண்டு மாத ஓய்வூதியத்துக்கு மேல். பெங்களூரிலிருக்கும் மகன், “வித்துடுங்கப்பா” என்று முடித்துவிட்டார். ஆனால் வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போகவேண்டிய அம்மையாருக்கு அவ்வண்டியில்தான் காலை நீட்டி அமர முடிகிறது. “தம்பி, நீயும் கூட வா” என்றார் பெரியவர். போனேன்.

அங்கிருந்த கிழ மிஸ்திரி புகையைப் பார்த்தார். நீலம் எரியும் எண்ணெயைக் காட்டும். கருமை மிகுதியான பெட்ரோலை. ஓயாத வெண்மை உள்ளே புகுந்த நீரை. பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். மூன்றாவது மிகவும் தாழ்ந்திருந்தது. அதனுள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார், முள் ஏறியது. ஏறினால் குறை பிஸ்டன் வளையத்திலும் சிலிண்டர்ச் சுவரிலும். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்விலோ காஸ்கெட்டிலோ. எளிய சோதனைதான். இதைச் செய்யாமலே “எஞ்சினை இறக்கணும்” என்பவரிடம் அன்பர்கள் வண்டியை விடவேண்டாம்.

அதன்பின் அவர் செய்ததே எனக்கு வியப்பளித்தது. வண்டிக்கடியில் படுத்து, திருப்புளியால் தரைத்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். அம்பாசிடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்கூடே எலும்பு. வங்காள மழையில் அது துருவேறி உளுத்திருந்தால், எஞ்சினுக்குச் செலவிடும் பணம் கங்கையில் எறிந்த காசு. இடப்பக்கம் ஓரிடம் தவிர, தட்டிய இடமெல்லாம் ‘டங்’ என்றது. கிராங்க் ஷாப்டிலும் இரைச்சல் இல்லை.

“வித்தா என்ன கிடைக்கும்?” என்றார் பெரியவர். மிஸ்திரி சொன்ன தொகை செலவில் பாதிகூட இல்லை. அவர் முகம் வாடிற்று. எனக்கு அந்தக் கணக்கே பொருந்தாததாகத் தோன்றியது. விற்கப் போகும் வியாபாரிக்குத்தான் விலை முக்கியம். ஓட்டப் போகிறவர் பார்க்கவேண்டியது, அவ்வண்டி இல்லாவிட்டால் அதே பயணங்களுக்கு என்ன ஆகும் என்பது. பழைய ரசீது ஒன்றின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தோம். வாரம் இரண்டு நாள், போகவர டாக்சி, அங்கே காத்திருக்கும் கூலி. ஓராண்டு நிரம்புமுன்பே பழுதுச் செலவைத் தாண்டிவிட்டது. பதிவுச் செலவையும் விடவில்லை. 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாயிருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. நல்லவேளை, பெரியவருக்கு அடுத்த தவணைக்கு இன்னும் நாளிருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் புது வளையம் மட்டும் போட்டால் போதுமென்று குறைந்த விலை சொன்னார். தேய்ந்து கோணிய சிலிண்டரில் புது வளையம் பொருந்தி நில்லாது. சில மாதங்களில் மீண்டும் புகைதான். மிஸ்திரி சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடச் சொன்னார். பெரியவர் அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து ஏதோ பேசினார்; பிறகு முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

பத்து நாளில் வண்டி வந்தது. புகையில்லை. முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை விரட்டலாகாது என்பது மிஸ்திரியின் கட்டளை. ஆதலால் செவ்வாயும் வெள்ளியும் ராஸ்பிகாரி அவென்யூவில் பெரியவர் ஆமைபோல் ஊர்ந்து போகிறார். பின்னால் மினிபஸ்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டுகிறார்கள். அம்மையார் காலை நீட்டிக்கொண்டு சன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறார்.